8051 நுண்கட்டுப்படுத்தியுடன் வெளி நினைவகத்தையும் புறக்கருவிகளையும் இணைத்தல்

8051 நுண்கட்டுப்படுத்தியின் சில்லுக்குள் உள்ள நினைவகமோ உள்ளீட்டு-வெளியீட்டு முனைகளோ ஒரு பயன்பாட்டுக்குப் போதாதபோது, தனிச் சில்லுகளாகக் கிடைக்கும் நினைவகங்களும் புறக்கருவிகளும் அதன் பாட்டைகளில் இணைக்கப்படுகின்றன. இம்முறையில் 64 கிலோபைட் வரை நிரல் நினைவகத்தையும், அதற்குப் புறம்பாக மேலும் 64 கிலோபைட் வரை தரவு நினைவகத்தையும் சேர்க்க முடியும். பல சில்லுகள் ஒரே கம்பிகளைப் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வொரு முகவரிக்கும் ஒரே ஒரு சில்லு மட்டுமே, அதுவும் உரிய நேரத்திற்குள், விடையளிக்குமாறு சுற்றை வடிவமைப்பதே இதன் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

பின்னணி

8051 என்பது இன்டெல் நிறுவனம் 1980 ஆம் ஆண்டில் வெளியிட்ட 8 பிட் நுண்கட்டுப்படுத்தி ஆகும். இதன் முதல் வடிவத்தில் 4 கிலோபைட் படிப்பு நினைவகம், 128 பைட் எழுது-படி நினைவகம், இரண்டு நேரங்காட்டிகள், ஒரு தொடர்நிலைத் துறை, எட்டு முனைகள் கொண்ட நான்கு துறைகள் ஆகியன ஒரே சில்லில் அமைந்திருந்தன. இதன் உடன்பிறப்பான 8031 இல் நிரல் நினைவகமே கிடையாது. எனவே 8031 ஐப் பயன்படுத்தும் எந்தச் சுற்றிலும் வெளி நிரல் நினைவகம் இன்றியமையாததாகும்.

ஒரு விளக்கை அணைத்து எரியச் செய்யவோ, ஒரு மின்னோடியைக் கட்டுப்படுத்தவோ 128 பைட் போதும். ஆனால் ஒரு மணி நேரத்திற்கு நொடிக்கு ஒரு முறை வெப்பநிலையை அளந்து சேமிக்க வேண்டுமெனில், ஓர் அளவீட்டுக்கு ஒரு பைட் என்றாலும் 3600 பைட் தேவைப்படும். இத்தகைய இடங்களில் வெளி நினைவகம் தேவையாகிறது.

இரு முகவரி வெளிகள்

8051 நிரலையும் தரவையும் வேறுவேறு முகவரி வெளிகளாகக் கருதுகிறது. 16 முகவரிக் கம்பிகள் இருப்பதால் ஒவ்வொரு வெளியிலும் 0 முதல் 65535 வரை முகவரிகள் உள்ளன. இரு வெளிகளுக்கும் முகவரிக் கம்பிகள் பொதுவானவை. எந்த வெளி அணுகப்படுகிறது என்பதைக் கட்டுப்பாட்டுச் சமிக்ஞைகளே உணர்த்துகின்றன.

* நிரல் நினைவகத்தைப் படிக்கும்போது பிஎஸ்இஎன் எனப்படும் சமிக்ஞை (29 ஆம் முனை) தாழ்நிலைக்குச் செல்லும்.
* தரவு நினைவகத்தைப் படிக்கும்போது ஆர்டி சமிக்ஞை (17 ஆம் முனை) தாழ்நிலைக்குச் செல்லும்.
* தரவு நினைவகத்தில் எழுதும்போது டபிள்யூஆர் சமிக்ஞை (16 ஆம் முனை) தாழ்நிலைக்குச் செல்லும்.

நிரலில் மூவ்-எக்ஸ் என்னும் ஆணை இடம்பெறும்போது மட்டுமே ஆர்டி, டபிள்யூஆர் ஆகியவை இயங்கும். மூவ்-சி என்னும் ஆணை நிரல் நினைவகத்திலிருந்து அட்டவணைகளைப் படிக்கப் பயன்படுகிறது.

இவற்றுடன் இஏ எனப்படும் 31 ஆம் முனையும் முக்கியமானது. இது உயர்நிலையில் இருந்தால் 0 முதல் 4095 வரையான நிரல் முகவரிகள் உள் நினைவகத்திலிருந்தும், அதற்கு மேற்பட்டவை வெளியிலிருந்தும் படிக்கப்படும். தாழ்நிலையில் இருந்தால் நிரல் முழுவதும் வெளியிலிருந்தே படிக்கப்படும். 8031 இல் இம்முனையைத் தரையுடன் இணைத்தல் வேண்டும். இம்முனையை எதனுடனும் இணைக்காமல் விட்டால், சுற்று சில வேளைகளில் இயங்கியும் சில வேளைகளில் இயங்காமலும் போகும்.

பாட்டைகளும் நேரப் பகிர்வும்

16 முகவரிக் கம்பிகளும் 8 தரவுக் கம்பிகளும் சேர்ந்தால் 24 முனைகள் தேவை. 40 முனைகளே கொண்ட ஒரு சில்லில் இது பெருஞ்செலவு. எனவே முகவரியின் கீழ் 8 பிட்களும் தரவின் 8 பிட்களும் துறை 0 இன் எட்டு முனைகளையே மாறிமாறிப் பயன்படுத்துகின்றன. முகவரியின் மேல் 8 பிட்கள் துறை 2 இல் வெளிவருகின்றன.

தரவு வருவதற்கு முன் துறை 0 இலிருந்து முகவரி அகன்றுவிடும். ஆனால் நினைவகத்திற்கோ அணுகல் முடியும்வரை முகவரி மாறாமல் இருக்க வேண்டும். இதற்காகத் துறை 0 க்கும் நினைவகத்தின் முகவரி முனைகளுக்கும் இடையே 'லாட்ச்' எனப்படும் தாழ்ப்புச் சுற்று ஒன்று வைக்கப்படுகிறது. 74எல்எஸ்373 என்னும் சில்லு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. ஏஎல்இ எனப்படும் 30 ஆம் முனையின் சமிக்ஞை இதனை இயக்குகிறது. ஏஎல்இ உயர்நிலையில் உள்ளவரை உள்ளீடு அப்படியே வெளியீட்டுக்குச் செல்லும். ஏஎல்இ தாழ்ந்தவுடன் அக்கணத்தில் இருந்த மதிப்பு பிடித்து வைக்கப்படும்.

நிரலின் ஒரு பைட் படிக்கப்படும் ஒழுங்கு பின்வருமாறு:

1. துறை 0 இல் கீழ் முகவரியும் துறை 2 இல் மேல் முகவரியும் வெளியிடப்படுகின்றன. ஏஎல்இ உயர்நிலையில் உள்ளது.
2. ஏஎல்இ தாழ்கிறது. கீழ் முகவரி தாழ்ப்புச் சுற்றில் தங்குகிறது.
3. துறை 0 தன் பிடியை விட்டு உயர்தடை நிலைக்குச் செல்கிறது.
4. பிஎஸ்இஎன் தாழ்கிறது. நினைவகம் தன் தரவைத் துறை 0 இன் கம்பிகளில் இடுகிறது.
5. நுண்கட்டுப்படுத்தி அதனைப் படித்துக்கொள்கிறது. பிஎஸ்இஎன் உயர, நினைவகம் கம்பிகளை விடுவிக்கிறது.

தரவைப் படிக்கும்போது பிஎஸ்இஎன் க்குப் பதிலாக ஆர்டி தாழும். எழுதும்போது மூன்றாம் படியில் துறை 0 விடுவிக்கப்படுவதில்லை. நுண்கட்டுப்படுத்தியே தரவை அதில் இட்டு டபிள்யூஆர் சமிக்ஞையைத் தாழ்த்தும்.

12 மெகாஹெர்ட்சு படிகத்துடன் இயங்கும் 8051 இல் ஒரு பொறிச் சுழற்சி 1 மைக்ரோநொடி ஆகும். மூவ்-எக்ஸ் ஆணைக்கு இரண்டு சுழற்சிகள், அதாவது 2 மைக்ரோநொடி தேவை. ஏஎல்இ சமிக்ஞை படிக அதிர்வெண்ணில் ஆறில் ஒரு பங்கில், அதாவது 2 மெகாஹெர்ட்சில் துடிக்கும். மூவ்-எக்ஸ் நிகழும் ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு விடுபடுவதால், அவ்வாணையைப் பயன்படுத்தும் சுற்றுகளில் ஏஎல்இ ஐத் துல்லியமான கடிகாரமாகக் கொள்ளலாகாது.

முகவரிக் குறிவிலக்கம்

பாட்டையில் பல சில்லுகள் இருக்கும்போது, குறித்த முகவரிக்கு உரிய சில்லை மட்டும் விழிக்கச் செய்தல் முகவரிக் குறிவிலக்கம் எனப்படும். ஒவ்வொரு நினைவகச் சில்லிலும் சில்லுத் தெரிவு முனை ஒன்று உண்டு. அது தாழ்நிலையில் இருந்தாலன்றி அச்சில்லு பாட்டையைத் தொடாது.

8 கிலோபைட் நினைவகத்திற்கு ஏ0 முதல் ஏ12 வரை 13 முகவரிக் கம்பிகள் போதும். எஞ்சிய ஏ13, ஏ14, ஏ15 ஆகிய மூன்றையும் 74எல்எஸ்138 என்னும் குறிவிலக்கிக்கு அளித்தால், அதன் எட்டு வெளியீடுகளில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே தாழும். இவ்வாறு 64 கிலோபைட் வெளி, தலா 8 கிலோபைட் கொண்ட எட்டுப் பகுதிகளாகப் பிரிகிறது.

எடுத்துக்காட்டுச் சுற்று

8031, 8 கிலோபைட் அழித்தெழுது நிரல் நினைவகமான 2764, 8 கிலோபைட் எழுது-படி நினைவகமான 6264, உள்ளீட்டு-வெளியீட்டுச் சில்லான 8255, ஒப்புமை-இலக்க மாற்றியான ஏடிசி0804 ஆகியவற்றைக் கொண்ட ஒரு சுற்றின் முகவரி ஒதுக்கீடு கீழே தரப்பட்டுள்ளது. முகவரிகள் பதின்ம எண்களில் உள்ளன.

நிரல் வெளி
* 0 – 8191: 2764 (வெளியீட்டு அனுமதி முனை பிஎஸ்இஎன் உடன்)

தரவு வெளி
* 0 – 8191: 6264 (குறிவிலக்கியின் 0 ஆம் வெளியீடு)
* 8192 – 16383: 8255 (1 ஆம் வெளியீடு)
* 16384 – 24575: ஏடிசி0804 (2 ஆம் வெளியீடு)
* 24576 – 65535: பயன்படுத்தப்படாதவை

2764, 6264 ஆகிய இரண்டும் ஒரே முகவரி எண்களைக் கொண்டிருந்தும் மோதிக்கொள்வதில்லை. நிரல் படிக்கப்படும்போது குறிவிலக்கி 6264 ஐத் தெரிவு செய்தாலும், ஆர்டி தாழாததால் அது வாய்திறப்பதில்லை. அதேபோல் மூவ்-எக்ஸ் தரவைப் படிக்கும்போது பிஎஸ்இஎன் தாழாததால் 2764 அமைதியாக இருக்கும்.

8255 இல் நான்கு உட்பதிவகங்களே உள்ளன. அவை 8192 (துறை ஏ), 8193 (துறை பி), 8194 (துறை சி), 8195 (கட்டுப்பாட்டுப் பதிவகம்) ஆகிய முகவரிகளில் அமைகின்றன. கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் 128 என்னும் எண்ணை எழுதினால் மூன்று துறைகளும் வெளியீடுகளாக மாறும். 24 புதிய முனைகள் கிடைக்கும். 8255 க்கு ஏ0, ஏ1 ஆகிய இரு கம்பிகள் மட்டுமே செல்வதால், இந்த நான்கு பதிவகங்களும் 8192 முகவரிகள் கொண்ட பகுதி முழுவதிலும் 2048 முறை திரும்பத் திரும்பத் தோன்றும். எடுத்துக்காட்டாக, 8196 இல் எழுதினாலும் துறை ஏ க்கே செல்லும். சுற்று எளிமையாவது இதன் நன்மை. ஆயினும் நிரலில் தவறான முகவரி எழுதப்பட்டிருந்தாலும் அது இப்போது சரியாக இயங்கும். பின்னொரு நாளில் அப்பகுதியைப் பிரித்து வேறொரு சில்லை இணைக்கும்போதே அத்தவறு வெளிப்படும்.

நினைவகமாகத் தோன்றும் புறக்கருவிகள்

8085 போன்ற நுண்செயலிகளில் புறக்கருவிகளுக்கென்று தனி முகவரி வெளியும் தனி ஆணைகளும் உண்டு. 8051 இல் அவை இல்லை. புறக்கருவி ஒவ்வொன்றும் தரவு நினைவகத்தின் ஒரு பகுதி போலவே நடத்தப்படுகிறது. ஆயினும் புறக்கருவியின் முகவரி உண்மையான நினைவக இடம் அன்று. அங்கு எழுதுவதும் படிப்பதும் ஒரு செயலைத் தூண்டக்கூடும்.

ஏடிசி0804 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 16384 ஆம் முகவரியில் எந்த எண்ணை எழுதினாலும் அந்த எண் எங்கும் சேமிக்கப்படாது. மாறாக, அளவீடு தொடங்கும். ஏறக்குறைய 100 மைக்ரோநொடி கழித்து மாற்றம் முடிந்ததும் அதன் குறுக்கீட்டு முனை தாழும். அதன்பின் அதே முகவரியைப் படித்தால் அளவிடப்பட்ட மதிப்பு கிடைக்கும். 5 வோல்ட் முழு வீச்சில் ஒரு படி ஏறக்குறைய 19.5 மில்லிவோல்ட் ஆகும். 2.5 வோல்ட் உள்ளீட்டுக்கு 128 என்னும் மதிப்பு வரும். அந்த 100 மைக்ரோநொடியில் 8051 ஏறக்குறைய 100 பொறிச் சுழற்சிகளை நிறைவேற்ற முடியும். ஆகவே வீணே காத்திராமல், மாற்றியின் குறுக்கீட்டு முனையைத் துறை 3 இல் உள்ள வெளிக் குறுக்கீட்டு முனையுடன் இணைப்பது நன்று.

நேரப் பொருத்தம்

8085 இல் மெதுவான நினைவகம் தனக்குக் கூடுதல் நேரம் தேவை என்று தெரிவிக்க ஒரு முனை உண்டு. செந்தர 8051 இல் அத்தகைய முனை இல்லை. குறித்த கணத்தில் துறை 0 இல் என்ன இருக்கிறதோ அதனை அது படித்துக்கொள்ளும். அது சரியான தரவா, தயாராகாத தரவா என்று சோதிப்பதில்லை. ஆகவே நேரக் கணக்கு முழுவதும் வடிவமைப்பாளரின் பொறுப்பாகிறது.

12 மெகாஹெர்ட்சில், முகவரி வெளிவந்ததிலிருந்து நிரல் பைட் வந்துசேர வேண்டிய இடைவெளி ஏறக்குறைய 300 நானோநொடி. இதில் தாழ்ப்புச் சுற்றின் தாமதமும் அடங்கும். 250 நானோநொடி அணுகு நேரமுள்ள 2764 இதற்குள் விடையளிக்கும். 450 நானோநொடி வகை விடையளிக்காது. பின்னையதைப் பயன்படுத்த வேண்டுமெனில் படிகத்தை 6 மெகாஹெர்ட்சாகக் குறைக்கலாம். அப்போது இடைவெளி ஏறக்குறைய 700 நானோநொடியாக விரியும்.

புறக்கருவிகளிலும் இதே கேள்வி எழும். எழுத்துகளைக் காட்டும் நீர்மப் படிகத் திரைகளில் பரவலாக உள்ள எச்டி44780 கட்டுப்படுத்தியின் பழைய வகைக்குக் குறைந்தது 450 நானோநொடி நீளமுள்ள அனுமதித் துடிப்பு தேவை. 12 மெகாஹெர்ட்சில் 8051 இன் டபிள்யூஆர் துடிப்புக்கு உறுதியளிக்கப்பட்ட நீளம் 400 நானோநொடி மட்டுமே. எனவே அத்திரையை நேரே பாட்டையில் இணைத்தால் ஒரு திரை இயங்க, அதே வகையைச் சேர்ந்த மற்றொன்று தவறான எழுத்துகளைக் காட்டக்கூடும். 8255 இன் ஒரு துறை வழியாக இணைத்து, அனுமதித் துடிப்பை நிரலாலேயே உருவாக்கினால் இச்சிக்கல் நீங்கும்.

இணைப்பின் விலை

வெளிப் பாட்டையைப் பயன்படுத்தத் தொடங்கியதும் துறை 0 முழுவதும், துறை 2 முழுவதும், துறை 3 இல் இரு முனைகளும் பொதுப் பயன்பாட்டிலிருந்து நீங்குகின்றன. 32 முனைகளில் 18 போய் 14 எஞ்சும். தொடர்நிலைத் தொடர்பும் இரு வெளிக் குறுக்கீடுகளும் தேவைப்பட்டால் இது 10 ஆகக் குறையும். 8255 போன்ற சில்லுகள் இவ்விழப்பை ஈடுசெய்யவும் உதவுகின்றன.

வெளி அணுகலின்போது துறை 0 இன் பதிவகத்தில் இருந்த மதிப்பு அழிந்து அனைத்துப் பிட்களும் 1 ஆகிவிடும். எனவே அதே முனைகளில் ஒளியுமிழ் இருமுனையம் முதலியவற்றையும் இணைத்து இரு வேலைகளையும் செய்விக்க முயல்வது பயன் தராது.

64 கிலோபைட்டுக்கு மேல்

தரவுக்கு 64 கிலோபைட்டும் போதாதெனில், துறை 1 இன் முனைகளைக் கூடுதல் முகவரிக் கம்பிகளாகப் பயன்படுத்தலாம். 17 முகவரிக் கம்பிகள் கொண்ட 128 கிலோபைட் நினைவகத்தில் 17 ஆவது கம்பியைத் துறை 1 இன் ஒரு முனையுடன் இணைத்தால், அம்முனை 0 ஆக இருக்கும்போது ஒரு 64 கிலோபைட்டும், 1 ஆக இருக்கும்போது மற்றொரு 64 கிலோபைட்டும் தோன்றும். எந்தப் பாதி இப்போது தெரிவாகியுள்ளது என்பதை நிரலே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நிரலையும் தரவையும் ஒரே நினைவகத்தில் வைக்கவும் வழியுண்டு. இரு உள்ளீடுகளும் உயர்நிலையில் இருந்தால் மட்டுமே உயர் வெளியீடு தரும் உம்மை வாயிலுக்கு பிஎஸ்இஎன், ஆர்டி ஆகிய இரண்டையும் அளித்தால், இரண்டில் எது தாழ்ந்தாலும் வெளியீடு தாழும். அவ்வெளியீட்டை 6264 இன் வெளியீட்டு அனுமதி முனையுடன் இணைத்தால், கணினியிலிருந்து தொடர்நிலைத் துறை வழியே பெற்ற நிரலை அதில் எழுதி, அங்கிருந்தே இயக்கலாம். இம்முறையில் அப்பகுதியின் முகவரிகளுக்கு வேறு நிரல் நினைவகம் விடையளிக்காதவாறு 2764 க்கும் குறிவிலக்கம் செய்ய வேண்டும்.

சோதித்தல்

சுற்றை அமைத்தபின் பின்வரும் ஒழுங்கில் சோதிப்பது வழக்கம்:

* ஒவ்வொரு சில்லின் மின்வழங்கி முனைகளுக்கும் அருகே 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கி உள்ளதா என உறுதி செய்தல். இது இல்லாவிடில் பல முனைகள் ஒருசேர மாறும்போது மின்னழுத்தம் சரிந்து பிழைகள் தோன்றலாம்.
* அலைகாட்டியால் ஏஎல்இ முனையில் துடிப்பு உள்ளதா எனப் பார்த்தல். துடிப்பு இல்லையெனில் படிகச் சுற்றிலோ மீட்டமைப்புச் சுற்றிலோ பிழை இருக்கலாம்.
* நினைவகத்தின் ஓரிடத்தில் 85, 170 ஆகிய எண்களை எழுதித் திரும்பப் படித்தல். இருமத்தில் இவை 01010101, 10101010 ஆகும்; அடுத்தடுத்த தரவுக் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இச்சோதனை காட்டிவிடும்.
* 0, 1, 2, 4, 8, 16 என இரட்டிக்கும் முகவரிகளில் வேறுவேறு எண்களை எழுதி, எல்லாவற்றையும் எழுதி முடித்தபின்னரே படித்தல். ஒரு முகவரிக் கம்பி அறுந்திருந்தால் இரு முகவரிகள் ஒரே மதிப்பைத் தரும்.

எழுது-படி நினைவகத்தின் தரவுக் கம்பிகள் தமக்குள் இடம் மாறியிருந்தாலும் சுற்று பிழையின்றி இயங்கும். எழுதும்போது ஏற்பட்ட மாற்றம் படிக்கும்போது நேராகிவிடும். ஆனால் வேறொரு கருவியில் எழுதப்பட்டு வரும் 2764 இல் ஒரு கம்பி மாறினாலும் நிரல் இயங்காது.

தொடர்நிலைப் பாட்டைகள்

பிலிப்சு நிறுவனம் 1982 இல் உருவாக்கிய ஐ-ஸ்கொயர்டு-சி பாட்டை, இரண்டே கம்பிகளில் பல சில்லுகளை இணைக்க வழிசெய்தது. 24சி02 என்னும் 256 பைட் மின்னழி நினைவகம் இதில் இயங்கும் எளிய சில்லு. 8051 இன் ஏதேனும் இரு முனைகளை நிரலால் இயக்கி இதனை இணைக்கலாம்.

இதற்கான விலை நேரம் ஆகும். நொடிக்கு 100 கிலோபிட் வேகத்தில், குறித்த முகவரியிலுள்ள ஒரு பைட்டைப் படிக்க 36 கடிகாரத் துடிப்புகளும் தொடக்க, முடிவுக் குறிகளும் தேவை. மொத்தம் ஏறக்குறைய 0.4 மில்லிநொடி. இணைநிலைப் பாட்டையில் இதே வேலை 2 மைக்ரோநொடியில் முடிகிறது. மேலும், தொடர்நிலை நினைவகத்திலிருந்து 8051 நேரடியாக நிரலை இயக்க இயலாது. சில அமைப்பு மதிப்புகளைச் சேமிக்கத் தொடர்நிலைச் சில்லும், பெருமளவு தரவை விரைவாகக் கையாள இணைநிலைச் சில்லும் பொருத்தமானவை.

இன்றைய நிலை

1990களில் மின்னழி நிரல் நினைவகத்தைத் தம்முள்ளேயே கொண்ட 8051 வகைகள் பரவியபின், வெளி நிரல் நினைவகத்தின் தேவை குறைந்தது. இன்டெல் தன் 8051 குடும்பச் சில்லுகளின் உற்பத்தியை 2007 இல் நிறுத்தியது. ஆயினும் பிற நிறுவனங்கள் அதே ஆணைத் தொகுதியைக் கொண்ட சில்லுகளை வெளியிட்டு வருகின்றன.

இங்கு விளக்கப்பட்ட முறை 8051 உடன் முடிந்துவிடவில்லை. ஆர்டுயினோ மெகா பலகையில் உள்ள ஏடிமெகா2560 நுண்கட்டுப்படுத்தியும் வெளி நினைவகத்திற்குக் கீழ் முகவரியையும் தரவையும் ஒரே துறையில் மாறிமாறி அனுப்பி, ஏஎல்இ சமிக்ஞையால் தாழ்ப்புச் சுற்றை இயக்குகிறது. அதில் காத்திருப்புச் சுழற்சிகளை நிரலால் கூட்டும் வசதி உண்டு. எனினும் எத்தனை சுழற்சிகள் தேவை என்பதை நினைவகத்தின் தரவுத்தாளைக் கொண்டு வடிவமைப்பாளரே கணக்கிட வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* நுண்கட்டுப்படுத்தி
* நுண்செயலி
* எழுது-படி நினைவகம்
* ஒப்புமை-இலக்க மாற்றி
* குறிவிலக்கி